கடைசி விநாடி வரை

"பெல்ஜியம்னு சொன்னீங்களேம்மா, பதினாறு பேரு முன்னாடி, வாய் கூசாம—"

"நீங்க மட்டும் என்ன சார்? மூணு தடவ முழுசா கேட்டேன்னு எழுதல?"

"நான் எழுதினது வேற விஷயம்—"

"முழுசா கேட்டிருந்தா என் குரல் காதுல விழுந்திருக்குமில்ல? அப்பவே ஒரு போன் போட்டு—"

"பேச்ச மாத்தாதீங்க. நான் கேக்கறது பெல்ஜியத்த."

"நான் கேக்கறது அந்தக் கடைசி மூணு நிமிஷத்த!"

சிதம்பரம் வடக்கு வீதியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடிப்படி அது. ஒருவர் ஏறினால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம். அதில் ஞானசேகரன் மேல்படியில், பிரிசில்லா நாலு படி கீழே. கூட்டம் முடிந்து இறங்கியவர்கள் இருவருக்கும் நடுவே பக்கவாட்டில் திரும்பித் திரும்பி இறங்கிப் போனார்கள். ஒருவரும் பிரிசில்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்பரசு என்கிற மெடிக்கல் ரெப் மட்டும், "வரேங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க வாயில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு ஓடினான்.

கடைசியாக சடையப்பன் வந்தார். டியூஷன் சென்டர் அவருடையது, கணக்கு வாத்தியார்.

"சார், மேடம், சண்டைய ரோட்டுல வெச்சிக்கலாமா? நான் பூட்டணும். அஞ்சரைக்குப் பத்தாங்கிளாஸ் பசங்க வந்துரும்."

இருவரும் தெருவில் இறங்கி நின்றார்கள். படியின் இருட்டில் கத்துவது சுலபம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோயிலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் பார்க்க, என்னவென்று கத்துவது?

இது 2009-ஆம் வருஷம், ஆவணி மாதம்.

ஞானசேகரன் கூட்டுறவு பேங்கில் சீனியர் கிளார்க். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சம்பளத்தில் பாதி வெளிநாட்டு இசைத் தட்டுகளுக்குப் போய்விடும். அதுவும் காதுக்கு இதமான சமாச்சாரம் அல்ல. ஃப்ரீ ஜாஸ் என்பார். மெட்டு, தாளம், ராகம் எதற்கும் கட்டுப்படாமல், மேடையில் அந்த நிமிஷம் என்ன தோன்றுகிறதோ அதை வாசிப்பது என்று விளக்கம் சொல்வார். ஒரு டென்மார்க்காரர் அரைமணி நேரம் மூச்சு விடாமல் சாக்ஸபோன் ஊதுவார். ஒரு ஜப்பானியர் கிதாரைக் கிடத்திவைத்துக் கரண்டியால் உரசுவார். இவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டு, எதை வாங்கலாம், எதை விடலாம், எதிலிருந்து தொடங்கலாம் என்று தமிழில் வலைப்பதிவு எழுதிவந்தார். ஒவ்வொரு பரிந்துரையும் ஒரே வரியில் முடியும்: "கடைசி விநாடி வரை கேளுங்கள்."

பிரிசில்லாவுக்கு அந்தப் பதிவு தட்டுப்பட்டு மூன்று வருஷம் ஆகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். நாற்பது வயது. நாள் முழுக்கக் குழாய்களில் பெயர் ஒட்டும் வேலை. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது. ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயருக்குப் போனதென்று ஒரு புகார் கிடையாது. வீட்டுக்கு வந்தால், ஒழுங்கே இல்லாத அந்தச் சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முதலில் ஞானசேகரன் சொன்னதை வாங்கிக் கேட்டாள். பிறகு அவருக்கே தெரியாதவற்றைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்தாள்.

அவள் அப்பா லூர்துசாமி பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். கல்யாணம், சாவு, தேர் எதுவானாலும் போவார், முப்பத்தைந்து வருஷம். மகள் அறையிலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, "என்ன பாப்பா, யாராச்சும் பூனைய மிதிச்சுட்டாங்களா?" என்பார்.

"இது பெரிய மேதைப்பா."

"இருக்கட்டும். பூனைக்கு ஒண்ணும் ஆவலியே?"

அது போன வருஷம் வரை. தை மாதம் ஒரு விடியற்காலையில் அவருக்கு வலதுபக்கம் இழுத்துக்கொண்டது. உயிர் தப்பியது, கால் தேறியது, பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வாய் மட்டும் ஒருபக்கம் தொங்கியே நின்றது. பாண்டிச்சேரியில் பேச்சுப் பயிற்சி தந்த அம்மாள்தான் யோசனை சொன்னார்: "கிளாரினெட்காரராச்சே. வாசிக்கச் சொல்லுங்க. உதட்டுக்கு அத விட நல்ல பயிற்சி இல்ல. வாராவாரம் பதிவு பண்ணிக்கிட்டு வாங்க, வித்தியாசம் பாக்கலாம்."

அப்படி வாராவாரம் ஒரு டிஸ்க். மேலே ஸ்கெட்ச் பேனாவால் வாரத்தின் எண் மட்டும்.

பதிவைப் படிக்கிறவர்கள் மாதம் ஒருமுறை சடையப்பன் மாடியில் கூடுகிற ஞானசேகரனின் கூட்டத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. டிஸ்கில் யார் வாசித்தது என்று எழுதக் கூடாது. எண் மட்டும். "பேரப் பாத்துட்டா காது பொய் சொல்லும்மா" என்பார். அனுப்பியவர் வாய் திறக்கக் கூடாது. கேட்பவர் கேட்டு, தோன்றியதை எழுதிப் பதிவில் போட வேண்டும். அடுத்த இரண்டாம் ஞாயிறு எல்லோரும் உட்கார்ந்து கேட்டு, எந்த நாடு, எந்த வருஷம் என்று அவரவர் ஊகத்தைச் சொன்ன பிறகுதான் அனுப்பியவர் பெயரை உடைப்பார். கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டால் டிஸ்க் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த வாரம் மேஜையில் இரண்டு வெள்ளை உறைகள் இருந்தன. இரண்டிலும் ஒன்பது. ஒன்று அப்பாவின் ஒன்பதாவது வாரம். இன்னொன்று ஞானசேகரனுக்கு அவள் அனுப்புகிற ஒன்பதாவது டிஸ்க், ஒரு நார்வேகாரர் வாசித்தது. எழுபது குழாய்க்கு எழுபது பெயர் ஒட்டுகிறவள், பெயர் எழுதாத இரண்டை மாற்றி எடுத்துவிட்டாள்.

தெரியவந்தது பாண்டிச்சேரியில். பயிற்சி அம்மாள் கம்ப்யூட்டரில் டிஸ்கைப் போட்டார். நார்வேகாரர் கிறீச்சென்று ஆரம்பித்தார்.

"என்னங்க இது? போன வாரத்துக்கு இப்ப ரொம்ப மோசமா இருக்கு! மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"நா... நா இல்ல" என்றார் லூர்துசாமி.

"நீங்கதான் சார். மறந்துட்டீங்க."

"நா இவ்ளோ... மோசமா?"

பிரிசில்லாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டிஸ்க் மாறிப்போச்சு மேடம், சாரி" என்று சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டாள். சிரிப்பெல்லாம் பஸ் ஏறும்வரைதான்.

"என்னுது எங்க, பாப்பா?"

"வீட்ல இருக்குப்பா."

"பத்திரமா வையி. ஒம்போதாவதுலதான்..." மூச்சு வாங்கி முடித்தார். "முழுசா வாசிச்சேன். ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும்."

வீட்டுக்கு வந்ததும் ஞானசேகரனுக்குப் போன் பண்ணத்தான் நினைத்தாள். அதற்கு முன் அவர் பதிவைத் திறந்து பார்த்தாள். போட்டுவிட்டிருந்தார்.

"இந்தக் கிளாரினெட்காரர் யாரென்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மூன்று முறை முழுமையாகக் கேட்டேன். மெட்டு இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதன் வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறார். ஒரு சுரத்தைப் பிடிக்கிறார், அது உடைகிறது, உடைந்ததை ஒட்டவைக்க மறுக்கிறார். எட்டாவது நிமிடத்தில் குழாய்க்குள் எச்சில் கொதிக்கிறது. மற்றவர்கள் வெட்டி எறிவதை இவர் வைத்துக்கொள்கிறார். இத்தனை துணிச்சலான மறுப்பைச் சமீபத்தில் நான் கேட்டதில்லை. இந்த இசைக்குப் புதிதாக வருகிறவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். கடைசி விநாடி வரை கேளுங்கள்."

கீழே முப்பத்தொரு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், ஞானசேகரன் கொடுத்திருந்த இரண்டு நிமிடத் துணுக்கைக் கேட்டே கண்ணில் நீர் வந்துவிட்டது என்றார்.

பிரிசில்லா அதை நாலு தடவை படித்தாள். தெருக்காரர்கள் எல்லோரும், "ஐயோ, எப்படி வாசிச்ச மனுஷன்" என்று உச்சுக்கொட்டிப் போன அப்பாவை, ஒருவர் துணிச்சல்காரர் என்கிறார். போனை எடுத்த கை போனை வைத்துவிட்டது. வைத்த கை சும்மா இருக்கவில்லை. முப்பத்திரண்டாவதாக அவளே எழுதினாள்: "அருமையான பரிந்துரை சார். மறுப்பு என்ற சொல் மிகப் பொருத்தம். – பிரிசில்லா, கடலூர்."

அந்த ஒரு வரியை இப்போது நினைத்தால் உள்ளங்கால்வரை கூசியது.

மூன்று வாரம் போயிற்று. இரண்டாம் ஞாயிறு வந்தது. பெயரை உடைக்க வேண்டிய நாள். அப்பாவுக்குப் பக்கவாதம் என்று சொன்னால், ரசித்த பதினாறு முகமும் பரிதாபமாக மாறும். பஸ்ஸில் வரும்போதே ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டாள்.

மாடியில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். பத்தொன்பது நிமிஷம் கழித்துக் கிளாரினெட் நின்றதும் கைதட்டினார்கள். சடையப்பன், "போலந்து" என்றார். அன்பரசு, "அமெரிக்கா, எழுபதுகள்ல" என்றான். ஞானசேகரன் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"ஒடைங்கம்மா."

"பெல்ஜியம் சார். வயசானவரு. பேரு உச்சரிக்க வரல, வீட்ல எழுதி வெச்சிருக்கேன்" என்றாள் பிரிசில்லா.

டிஸ்க்கை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. பதிவில் மூன்று நிமிஷ நிசப்தம் முடிந்து, கிளாரினெட் மறுபடி கீச்சென்று ஆரம்பித்த உடனே, சுவரில் மாட்டிய இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் அவள் குரல் வந்தது, சலிப்பாக, எரிச்சலாக:

"போதும்ப்பா, நிறுத்துங்க. ஒண்ணும் வெளங்கல. வாயத் தொடைங்க மொதல்ல, சட்டையெல்லாம் எச்சி."

"இது நம்ம கடலூர் பேச்சாச்சே" என்று சொன்ன சடையப்பன், சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எங்க அப்பா" என்றாள் பிரிசில்லா. "ஸ்ட்ரோக் வந்தவரு."

அதற்குப் பிறகுதான் அந்த மாடிப்படி.

இப்போது தெருவில் நின்று ஞானசேகரன்தான் முதலில் வாய் திறந்தார். குரல் இறங்கியிருந்தது.

"பத்தொம்பது நிமிஷம் கேட்டேம்மா. ஒரே தடவ. பேங்குல ஆடிட்டு. மறுநாள் பதிவு போட்டாகணும்னு... மூணு தடவன்னு சும்மா எழுதினேன்."

"எப்பவுமே அப்படித்தானா சார்?"

அவர் சட்டைப்பையிலிருந்த உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூன்று வருஷமாக அவர் சொன்னார் என்பதற்காக அவள் எத்தனை டிஸ்க்கைக் கடைசி விநாடி வரை கேட்டிருக்கிறாள்!

"பதிவ எடுத்துடறேன்" என்றார்.

"எடுத்தா மட்டும் படிச்சவங்க மறந்துடுவாங்களா?"

"அப்ப உண்மைய எழுதிடறேன். என் தப்பையும் சேத்து."

"எங்க அப்பா வியாதிய ஊருக்கெல்லாம் எழுதப்போறீங்களா?"

"நான் என்னதான் பண்றது, சொல்லுங்க! நேர்ல வந்து அவரு கையப் புடிச்சு மன்னிப்பு கேக்கட்டுமா?"

"அவருக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது சார். டிஸ்க் வீட்லதான் இருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். தெனமும் கேக்கறாரு. இன்னிக்குக் கௌம்பும்போதுகூட, சாயங்காலம் வந்து ஒம்போதாவத போட்டுக் காட்டுன்னாரு."

ஞானசேகரன் சட்டைப்பையிலிருந்து வெள்ளை உறையை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளாமல் கேட்டார்:

"அது சரி, அவரு என்ன வாசிக்கப் பாத்தாரு? என்ன பாட்டு அது?"

"எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்" என்று நடந்துவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. கைப்பையில் எப்போதும் இருக்கிற சின்ன சி.டி. பிளேயரில் டிஸ்கைப் போட்டு, காதில் மாட்டிக்கொண்டாள். புதுச்சத்திரம் வருவதற்குள் ஒரு தடவை முடிந்தது. மறுபடி போட்டாள். உடைந்த சுரங்களைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். இங்கே ஏறுகிறது, இங்கே இறங்குகிறது. கோயில் பாட்டா, சினிமாப் பாட்டா, பேண்டுக்காரர்கள் ஊர்வலத்தில் வாசிப்பதா? "மெட்டைத் தேடாதீர்கள், அது உங்கள் காதைக் கட்டிப்போடும்" என்பது ஞானசேகரன் பதிவில் அவள் படித்த முதல் பாடம். நன்றாகவே படித்திருந்தாள். எவ்வளவு தேடியும் மெட்டு கிடைக்கவில்லை. பக்கத்து சீட்டு அம்மாள், "ஏம்மா, ஒடம்புக்கு ஏதாச்சுமா? அழுவுறியே" என்றாள். "காது வலி" என்றாள் பிரிசில்லா. அன்றைக்கு அது மூன்றாவது பொய்யோ நாலாவதோ.

திருப்பாதிரிப்புலியூரில் வீட்டுக்குள் நுழையும்போது ஏழு மணி. பக்கத்து வீட்டுத் தைலம்மாள், அவள் இல்லாதபோது அப்பாவைப் பார்த்துக்கொள்பவள், கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? ஒங்கப்பன் இன்னிக்கு ரெண்டு இட்லி ஜாஸ்தியா சாப்ட்டாரு. ஏதோ கச்சேரியாமே ராத்திரிக்கு? மூஞ்சிய வழிச்சு விடுன்னாரு. எனக்கென்ன சவரம் பண்ணவா தெரியும்? பவுடர் போட்டு வுட்டுருக்கேன், போய்ப் பாரு."

லூர்துசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தொங்கிய கன்னத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது. மடியில் கைக்குட்டை.

"ஒம்போதாவது" என்றார்.

பிரிசில்லா அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். தைலம்மாள் போகட்டும் என்று காத்திருந்து, கதவு சாத்திய பிறகு சொன்னாள்.

"அப்பா, டிஸ்க் இன்னி வரைக்கும் வீட்ல இல்ல. இவ்ளோ நாளா பொய் சொன்னேன். மாறிப்போயி சிதம்பரத்துக்குப் போயிடுச்சு. அங்க எல்லாருக்கும் போட்டுக் காட்டினாங்க."

அவர் நல்ல பக்கத்துக் கண் விரிந்தது.

"எத்தன பேரு?"

"பதினாறு பேருப்பா."

"பெரிய ஆளுங்களா?"

"வாத்தியாரு, பேங்குக்காரரு... கேக்கத் தெரிஞ்சவங்க."

"கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க. அவரு எழுதியும் போட்டாரு. படிக்கட்டுமா?"

லேப்டாப்பைத் திறந்து படித்தாள். பதிவு இன்னும் அப்படியேதான் இருந்தது. துணிச்சல் என்ற இடத்தில் அப்பாவின் வாய் கோணிக்கொண்டு சிரிக்கப் பார்த்தது. மறுப்பு என்ற இடத்தில் கையைத் தூக்கினார்.

"மறுப்புன்னா?"

"மெட்ட விட்டுட்டு தள்ளித் தள்ளிப் போறீங்களாம்ப்பா. வேணும்னே."

"வேணும்னேவா?"

அவள் திரையைக் கீழே நகர்த்தினாள். கீழே முப்பத்திரண்டாவதாக இருந்த தன் வரியைப் படிக்கவில்லை. இன்னொன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று வந்தது.

"கடைசியில என் குரலும் வந்துச்சுப்பா. உங்கள அன்னிக்கு நிறுத்துங்கன்னு கத்தினேனே, அது. எல்லாரும் கேட்டாங்க. மன்னிச்சுடுங்க."

"அது கெடக்குது" என்றார் லூர்துசாமி. "நீ வேலைக்குப் போற அவசரம்." கைக்குட்டையால் உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டார். மெள்ள, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, மகள் பக்கமாகச் சாய்ந்து கேட்டார்:

"அந்தாளு... வேணும்னேன்னு எழுதிட்டாரே. அது என்ன பாட்டுன்னு நீயாச்சும் எடுத்துச் சொன்னியா, பாப்பா?"